ஒரு வினாவும் ஓர் எலும்பும்

எலும்பு அறுவை மருத்துவத் தேர்வுக்குப் பயிலும் நம் சங்க நண்பர்களுடன், எம்.எஸ்சி. உடற்கூறு பயிலும் நானும் பயிற்சி வினாக்களை ஆராய்வதுண்டு. அவற்றுள் ஒன்று: உள்ளங்கையை ஊன்றி விழுந்தான் ஓர் இளைஞன், பெருவிரலின் அடிக்குழியை அழுத்தினால் வலிக்கிறது, எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. செய்யத்தக்கது யாது?

‘சுளுக்குத்தான், அனுப்பிவிடலாம்’ என்னும் விடை மனத்தைக் கவரும், ஆனால் தவறு. படகெலும்பின் முறிவு முதற்படத்தில் தெரியாமற் போவதுண்டு. மணிக்கட்டை அசையாமற் கட்டி, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படமெடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. வசதியிருப்பின் முன்னரே அறியலாம்.

காரணம் யாது? இவ்வெலும்புக்குரிய குருதி பெரும்பாலும் விரற்பக்கமாக நுழைந்து முன்கைப்பக்கம் திரும்பிப் பாய்கிறது. இடையில் முறிந்தால் முன்கைப்பக்கத் துண்டு குருதியின்றி மாளக்கூடும்.

ஆதலால் நண்பர்களே, சரியான விடையைக் குறித்ததோடு நில்லாது, ஏனையவை ஏன் பொருந்தா என்பதையும் எழுதிப் பாருங்கள். இங்கே தவறினால் நமக்கு ஒரு மதிப்பெண் போகும். நோயாளிக்கோ கையின் வலிமையே போகும்.