ஒளியைத் தேக்குதல்

குரோம்பேட்டைக் கடைத்தெருவில் வணிகர் கையிலுள்ள சிறு கணக்கிடு கருவியைப் பலரும் கண்டிருப்பர். அதன் நெற்றியிற் கருஞ்சிவப்பாய் விளங்கும் பட்டையே சிலிக்கன் மென்படலத்தாலாகிய ஒளிமின்கலம். அஃது ஏன் சிவந்து தோன்றுகின்றது? தன்னால் உட்கொள்ள இயலாத செவ்வொளியைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புதலாலேயாம். ஆகவே அந்நிறம் அணியன்று, இழப்பின் அடையாளம். அவ்விழப்பைக் குறைக்கும் வழியை, தமிழ் பயிலும் மாணவனாகிய யான் அறிந்த அளவிற் கூறப் புகுகின்றேன்.

படிக ஒழுங்கற்ற சிலிக்கனால் மின்கலம் அமைத்த செய்தியை 1976-இல் அமெரிக்க நாட்டுக் கார்ல்சன், ரான்ஸ்கி என்னும் அறிஞர் இருவர் வெளியிட்டனர். இவ்வகைப் படலத்தின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரின் மூவாயிரத்தில் ஒரு பங்கேயாம். நீல ஒளி அதற்குள் அடங்கிவிடும். செவ்வொளியோ ஊடுருவி மீளும்.

அங்ஙனமாயின் படலத்தைத் தடிப்பாக்கினால் என்னை எனின், அதனுள் தோன்றும் மின்னூட்டங்கள் வெளியேறுமுன்னரே மடியும். அன்றியும், நெடிது ஒளிபடின் இச்சிலிக்கன் நலிவுறும் என்பது 1977-இல் அறியப்பட்டது. தடித்த படலத்திற்கு அந்நலிவு மிகுதி. எனவே படலம் மெல்லியதாகவே இருத்தல் வேண்டும். ஒளியோ அதனுள் நெடுந்தொலைவு செல்லுதல் வேண்டும். முரண்பட்ட இவ்விரண்டையும் இயைப்பது எங்ஙனம்?

நம் செங்கற்பட்டு நாட்டின் முன்னோர் மழையைப் பெருக்கினாரல்லர். ஓடும் நீரைக் கரைகட்டி ஏரியிற் தேக்கினர். ஒளிக்கும் அதுவே வழி.

முதலாவது, வாயிலைத் திறத்தல். பூச்சற்ற சிலிக்கன் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் திருப்பிவிடும். தக்க தடிப்புள்ள இடைப்பூச்சு அதனைப் பெரிதும் தடுக்கும். இரண்டாவது, கரைகட்டுதல். படலத்தின் பின்னே வெள்ளிப்பூச்சு அமைப்பின், தப்பிய ஒளி மீண்டும் உள்ளே திரும்பும். மூன்றாவது, நேர்வழியை மாற்றுதல். கண்ணாடியின் மேலுள்ள மின்கடத்தும் பூச்சு நுண்ணிய மேடுபள்ளங்களோடு அமையின், ஒளி சிதறிச் சாய்ந்து செல்லும். சிலிக்கனின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 3.5 ஆதலின், செங்குத்திலிருந்து 17 பாகைக்கு மேற் சாய்ந்த கதிர் காற்றுவெளிக்குத் தப்பாது. முழு அக எதிரொளிப்பால் மீண்டும் மீண்டும் உள்ளேயே உலவும்.

இங்ஙனம் ஒளி செல்லும் வழி ஏறக்குறைய 50 மடங்குவரை நீளக்கூடும் என யப்லோனோவிச் என்பார் 1982-இல் கணித்தார். அவ்வெல்லையை முற்றும் எட்டுதல் அரிது. வெள்ளியும் சிறிது ஒளியை விழுங்கும். மேடுபள்ளம் மிகின் படலம் பழுதுறும். இவற்றிடையே அளவறிந்து அமைப்பதே ஆய்வாளர் பணி.

இன்று கூரைகளிற் காணும் பலகைகள் பெரும்பாலும் தடித்த படிகச் சிலிக்கனால் ஆயவை. ஆயினும் அவற்றின் முகத்திலும் நுண்ணிய கூம்புகளைச் செதுக்கி இக்கலையையே கையாளுகின்றனர். மெல்லிய படலத்திற் கற்ற சிக்கனம் தடித்த தகட்டையும் மெலிவிக்க உதவும். தகடு மெலியின் விலைமிக்க சிலிக்கன் மிஞ்சும். நம் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை. வந்த ஒளியைத் தேக்கும் திறமே இன்னும் நாம் வளர்க்க வேண்டுவதாம்.