வால்வு மூடியில் ஓயாத எண்ணெய்க் கசிவு

விடியுமுன் பிரட்டுக்குச் செல்லவும், வெட்டு முடிந்தபின் பட்டணம் போய்வரவும் தோட்ட மக்களுக்குக் கைகொடுப்பது மோட்டார் சைக்கிளே. கெடா மாநிலத்திற்கு அவ்வண்டியோடு தனி உறவு ஒன்றும் உண்டு. 1995ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மோடெனாஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அமைந்தது நம் குரூணில்தான். அதன் முதல் வண்டியாகிய கிரிஸ் 110 மறு ஆண்டில் வெளிவந்தது. அதற்கு முன்பே ஹோண்டா கப்சாய்கள் நம் செம்மண் பாதைகளை நன்கு அறிந்திருந்தன. 1985 ஜூலையில் அறிமுகமான புரோட்டோன் சாகா காரும் பின்னாளில் பல வீட்டு முற்றங்களுக்கு வந்து சேர்ந்தது.

வண்டி எதுவாயினும், வயதானபின் இயந்திரத்தின் தலைப்பகுதியில் ஈரம் கசியத் தொடங்குவது பொதுவான குறை. வால்வுகளை மூடியிருக்கும் இடத்தில் எண்ணெய் வழிகிறது. கேஸ்கெட்டை மாற்றுகிறோம்; சில வாரங்களில் மறுபடியும் வழிகிறது. திருகாணிகளை இன்னும் முறுக்குகிறோம். கசிவு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இது ஏன் என்பதை இங்கு ஆராய்வோம்.

சிறு கசிவுதானே என்று விட்டுவிடலாகாது. ஹோண்டா கப்சாய்களின் இயந்திரம் கொள்ளும் எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. கடையில் ‘மினியாக் ஹீத்தாம்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த எண்ணெயில் கால் லிட்டர் போய்விட்டாலே பெரும்பங்கு போனதாகிவிடும். எண்ணெய் வற்றிய இயந்திரம் சூடேறி இறுகிக்கொண்டால், சில வெள்ளிகளில் தீர்ந்திருக்க வேண்டிய வேலை பல நாள் கூலியை விழுங்கும். காரில், சூடான புகைக்குழாயின்மேல் எண்ணெய் சொட்டினால் புகை எழும். தீப்பற்றும் அபாயமும் உண்டு.

முதலில் கசியும் இடத்தைத் துல்லியமாக அறிதல் வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே நனைந்த இடமெல்லாம் கசிந்த இடமாகாது. ஆறிய இயந்திரத்தை நன்கு கழுவித் துடைத்து உலர்த்தி, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரை இலேசாகத் தூவுக. சிறிது தூரம் ஓட்டிவந்து பார்த்தால், பவுடரில் முதலில் நனைந்த கோடு உண்மையைச் சொல்லிவிடும். கப்சாய்களில் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால், வால்வு மூடிகள் இரண்டில் ஒன்று அடிப்பக்கம் அமைந்திருக்கும். பெரும்பாலும் கவனத்திற்குத் தப்புவது அதுவே.

அடுத்து, இயந்திரத்தின் மூச்சைப் பார்க்க வேண்டும். பலர் இதை எண்ணிப்பார்ப்பதே இல்லை. கசிவு திரும்பத் திரும்ப வருவதற்கு முக்கிய காரணமோ இதுதான். சிலிண்டரில் வெடிக்கும் வாயுவில் சிறுபகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. அது வெளியேறுவதற்கென்றே ஒரு சுவாசக் குழாய் உண்டு. சாகா காரில் வால்வு மூடியின்மீது ஒரு சிறு வால்வும் இருக்கும். கழற்றிக் குலுக்கினால் அது கலகலக்க வேண்டும். இவை அழுக்கால் அடைபட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, வலுவற்ற இணைப்பின் வழியே எண்ணெயைத் தள்ளும். அந்நிலையில் புதுக் கேஸ்கெட்டும் தோற்றுப்போகும். குழாயைக் கழற்றித் துப்புரவு செய்க. எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறே. ஹோண்டா கப்சாய்களில் அளவுகோலைத் திருகி இறுக்காமல், துளையில் செருகி மட்டும் அளவு பார்க்க வேண்டும்.

கேஸ்கெட்டைப் பற்றி நம் தொழிலோடு ஒட்டிய செய்தி ஒன்று உண்டு. பழைய டியூபை வெட்டி வளையமாகப் போடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. நாம் மரத்திலிருந்து எடுக்கும் ரப்பர் எத்தனையோ வேலைக்கு உயர்ந்ததாயினும், பெட்ரோலிய எண்ணெய் அதற்குப் பகை. ஒட்டுப்பால் துண்டு ஒன்றை மண்ணெண்ணெயில் ஓர் இரவு போட்டுவைத்துப் பாருங்கள், பருத்துக் கொழகொழத்துவிடும். எனவேதான் இவ்விடத்திற்கு நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் ஆண்டுக்கணக்கில் சூடுபட்டால் கெட்டியாகி வெடிக்கும். கழற்றிய வளையம் விரலால் அழுத்தினால் நெளியாவிடில், அதைத் திரும்பப் போடுதல் வீண்வேலை.

மூடியைத் திறந்தபின் பழைய பிசினைச் சுரண்டுவதற்கு மரச்சீவலே போதும். கத்தி வேண்டா. பட்டை தாண்டி உளி மரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை வெட்டுத் தொழிலாளிக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அலுமினியப் பரப்பில் விழும் கீறலும் அத்தகைய காயமே. அதன் வழியே எண்ணெய் என்றும் ஊறும்.

தகட்டு மூடியாயின் அதன் விளிம்பில் இரும்பு அடிக்கோலை வைத்துப் பார்க்க. அளவுமீறி முறுக்கப்பட்ட மூடியில் திருகாணித் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்து, இடைப்பகுதி தூக்கி நிற்கும். மேலும் மேலும் முறுக்குவதால் கசிவு கூடுவதன் இரகசியம் இதுவே. குழிவை மரக்கட்டையின்மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமன் செய்யலாம். மிகவும் நெளிந்ததை மாற்றத்தான் வேண்டும்.

சிலிகோன் பசையைச் சுற்றிலும் அப்புவது இன்னொரு பழக்கம். உட்புறம் பிதுங்கிய பசை பிய்ந்து விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடக்கூடும். சில கார்களில் இரு பாகங்கள் கூடும் மூலைகளுக்குச் சிறு பொட்டளவு வைக்கச் சொல்வர். அதற்கு மேல் வேண்டா.

பொருத்தும்போது எல்லாத் திருகாணிகளையும் முதலில் விரலால் ஏற்றி, பின் குட்டையான சாவியால் நடுவிலிருந்து வெளிநோக்கி, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் சிறிது சிறிதாக இறுக்குக. நீண்ட சாவி இங்கு ஆகாது. கப்சாயின் வட்ட மூடிக்குப் புது வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, மரை சரியாக ஏறுகிறதா என்று கையால் பார்த்த பின்னரே சாவியைத் தொடவேண்டும்.

இவ்வளவும் செய்தபின் கசிவு நிற்காமல், புகைக்குழாயில் நீலப்புகையும், எண்ணெய் மூடியைத் திறந்தால் பலத்த ஊதலும் காணப்பட்டால், தேய்ந்திருப்பவை பிஸ்டன் வளையங்கள் எனக் கருதலாம். அது பட்டறை வேலை. அதுவரை மூன்று நாளுக்கொரு முறை, வண்டியை நேராக நிறுத்தி எண்ணெய் அளவைப் பார்த்து, குறைந்ததை ஊற்றி ஓட்டி வரலாம்.