லினக்ஸ் கர்னலில் உங்கள் டிரைவர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

லினக்ஸ் கர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். அவற்றை எழுதியவர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நிரல் மட்டும் அங்கேயே இருக்கிறது, யாரோ ஒரு மெயின்டெய்னர் அதைப் பார்த்துக்கொள்கிறார். அதனால் புது டிரைவர் வந்தவுடன் மெயின்டெய்னர் யோசிப்பது ஒன்றைத்தான்: இவர் போன பிறகு இதை நம்மால் பராமரிக்க முடியுமா? முடியும் என்று அவரை நம்ப வைப்பதே உங்கள் வேலை.

செய்ய வேண்டியவை

• எழுதும் முன் தேடுங்கள். உங்கள் சிப்பின் அண்ணனுக்கோ தம்பிக்கோ ஏற்கனவே டிரைவர் இருக்கக்கூடும். அதில் ஐம்பது வரி சேர்த்தால் போதுமென்றால் ஆயிரம் வரியில் புதிதாக எழுத வேண்டாம். புதிதாகத்தான் எழுத வேண்டும் என்றாலும் சரியான துணை அமைப்புக்குள் எழுதுங்கள்: விசிறி வேகம், மின்னழுத்தம் கண்காணிக்கும் சிப்புக்கு ஹெச்டபிள்யூமான், முடுக்கமானி போன்ற சென்சாருக்கு ஐஐஓ.

• வேலையைச் சிறு பேட்ச்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பிறகும் கர்னல் கம்பைல் ஆக வேண்டும், ஓடவும் வேண்டும். பின்னாளில் ஒரு பிழையின் மூலத்தைத் தேடுகிறவர் கிட் பைசெக்ட் வைத்துக் கமிட்களைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வருவார். நடுவில் ஒரு கமிட் கம்பைல் ஆகாவிட்டால் அவர் தேடல் அங்கே தடுமாறும்.

• கமிட் செய்தியில் காரணத்தை எழுதுங்கள். என்ன மாறியது என்று நிரலே சொல்லிவிடும். ஏன் மாறியது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

• சைன்ட்-ஆஃப்-பை வரியைப் பொருள் உணர்ந்து இடுங்கள். 2003-இல் எஸ்சிஓ நிறுவனம் தன் நிரல் லினக்ஸில் கலந்துவிட்டதாகச் சொல்லி ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. அதையடுத்து 2004-இல் வந்த நடைமுறை இது. இந்த நிரலை ஜிபிஎல் உரிமத்தில் தர எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் தரும் உறுதிமொழி அந்த ஒரு வரி. உங்கள் நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

• செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். யாருக்கு அனுப்புவது என்பதைக் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும்.

• காலம் பார்த்து அனுப்புங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புது நிரலைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ இரண்டு வாரம் திறந்திருக்கும். பிறகு ஏழெட்டு வாரம் பிழைதிருத்தம். மெர்ஜ் விண்டோ திறக்கும்போது உங்கள் டிரைவர் ஏற்கனவே பரிசீலிக்கப்பட்டு, அடுத்த வெளியீட்டுக்கான நிரல் சேரும் லினக்ஸ்-நெக்ஸ்டில் இருக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் புது டிரைவரை அனுப்பினால் பார்க்க ஆள் இருக்காது.

• ஒவ்வொரு விமர்சனத்துக்கும் பதில் எழுதுங்கள். உடன்படாவிட்டால் காரணம் சொல்லுங்கள். அடுத்த பதிப்பை அனுப்பும்போது என்னென்ன மாறின என்று மூன்று கோடுகளுக்குக் கீழே பட்டியலிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• விண்டோஸ் டிரைவருக்கு மேல் ஒரு லினக்ஸ் உறை போட்டு அனுப்பாதீர்கள். எல்லா இயங்குதளத்துக்கும் ஒரே நிரல் என்பது நிறுவனத்துக்கு மிச்சம், கர்னலுக்குச் சுமை. ஏஎம்டி நிறுவனம் தன் கிராபிக்ஸ் கார்டுகளின் திரைப் பகுதிக்காகச் சுமார் ஒரு லட்சம் வரி நிரலைக் கொண்டுவந்தது. 2016 டிசம்பரில் கிராபிக்ஸ் மெயின்டெய்னர் டேவ் ஏர்லி அதை ஏற்க மறுத்தார். கர்னலில் பொதுவாக இருக்கும் வசதிகளை ஒதுக்கிவிட்டுக் கூட்டுக் குடும்பத்துக்குள் தனி அடுப்பு மூட்டியது போல இருந்தது அந்த நிரல். வெளியாள் கைவைக்க முடியாது. கார்டுகள் சந்தைக்கு வரும் நேரம், பெரிய நிறுவனம், ஆனாலும் பதில் மாறவில்லை. ஏஎம்டி பொறியாளர்கள் திரும்பப் போய் வேலை செய்தார்கள், 4.15 பதிப்புக்காக 2017 நவம்பரில் அது ஏற்கப்பட்டது. அன்று மறுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

• புது ஐஆக்டலையோ சிஸ்எஃப்எஸ் கோப்பையோ அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். கர்னலின் உள் செயற்கூறுகள் எப்போது வேண்டுமானாலும் மாறும். பயனர் நிரல்கள் பார்க்கும் இடைமுகம் அப்படி மாறக்கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுப்பதே இல்லை. இன்று கொடுத்ததை நாளை திரும்ப வாங்க முடியாது.

• டிரைவரை வெளியிலேயே வைத்து ஓட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் நீங்களே திருத்திக்கொண்டிருக்க நேரும். உள்ளே இருந்தால், ஒரு செயற்கூற்றை மாற்றுகிறவரே உங்கள் டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுவார். இத்தனை பாடுபடுவதற்குக் கிடைக்கும் பெரிய பலன் இதுதான்.

• லாகில் 'டிரைவர் ஏறியது' என்று அறிவிக்காதீர்கள். ஒழுங்காக ஓடும் டிரைவர் சத்தம் போடாது.

• பதில் வரவில்லை என்று மெயின்டெய்னருக்குத் தினமும் நினைவூட்டாதீர்கள். ஓரிரு வாரம் பொறுங்கள்.

• ஸ்டேஜிங் பகுதியைக் குறுக்குவழியாக நினைக்காதீர்கள். 2008 முதல் அது சீர்செய்ய வேண்டிய டிரைவர்களுக்கான இடம். 2009-இல் மைக்ரோசாஃப்ட் தந்த சுமார் 20,000 வரி ஹைப்பர்-வி டிரைவர்கள் அதில்தான் நுழைந்தன. சில ஆண்டுகள் செப்பனிட்ட பிறகே வெளியே வந்தன. கவனிக்க ஆளில்லாதவை அங்கிருந்து நீக்கப்படும்.

• ஏற்கப்பட்ட மறுநாளே காணாமல் போகாதீர்கள். மெயின்டெய்னர்ஸ் கோப்பில் உங்கள் பெயரைச் சேருங்கள், வரும் பிழை அறிக்கைகளுக்குப் பதில் சொல்லுங்கள். வேலை மாறுவதானால், உங்கள் இடத்தில் இன்னொருவர் பெயரைச் சேர்க்கும் பேட்ச் ஒன்றை அனுப்பிவிட்டுப் போங்கள்.