திருக்கோணமலைக் கோட்டை வாயில்

திருக்கோணமலைக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பலர் கோட்டை வாயிலை விரைந்து கடந்து கோயிலுக்கே ஏகுகின்றனர். வாயிலிற் சிறிது நிற்றல் வேண்டும். அங்குள்ள கல்லில் இணைக்கயல் உருவும் சிதைந்த தமிழ்ச் சாசனமும் காணலாம். சாசனம் குளக்கோட்டனைக் குறிப்பதென்பர். 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். ‘கோயிற்கல் இங்கு வந்தவாறு யாது?’ என்னும் வினாவைப் பிள்ளைகளே எழுப்புமாறு விடுக. நாம் முந்திக்கொண்டு விடை கூறுதல் வேண்டா.

அதன்பின் மலையேறுக. சம்பந்தர் பாடிய அம்மலையின் கீழே, கடலடியில், 1956-இல் ஆதர் கிளார்க்கும் மைக் வில்சனும் பழைய ஆலயத்தின் கற்றூண்களைக் கண்டனர். 1950-இற் கிணறு தோண்டுழி வெளிப்பட்ட திருவுருவங்களை, 1963-இற் குடமுழுக்குப் பெற்ற புதிய ஆலயத்திற் காணலாம். காலையிற் செல்க; நண்பகலிற் பாறை சுடும்.