பழைய தண்டனையும் பைலட் மெடிக்கலும்

அமெரிக்காவில் விமானி உரிமத்துக்குக் காலாவதி கிடையாது, மெடிக்கல் எனும் மருத்துவச் சான்றிதழுக்கு உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மூன்றாம் வகுப்பு மெடிக்கல் இரண்டே ஆண்டுதான். பல ஆண்டுகள் பறக்காமல் இருந்து, நடுவே ஒரு வழக்கும் தண்டனையும் வந்துபோன பிறகு மறுபடி பறக்க நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "அந்தக் கேஸைச் சொல்லியே ஆகணுமா?" என்பது. சொல்லியே ஆக வேண்டும். எந்தக் காகிதங்களோடு, எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

எஃப்.ஏ.ஏ. எனும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் இணைய விண்ணப்பத் தளமான மெட்எக்ஸ்பிரஸில் மெடிக்கல் விண்ணப்பத்தை முதல் நாளே நிரப்ப உட்காராதீர்கள். எஃப்.ஏ.ஏ. நியமித்த பரிசோதனை மருத்துவர் அதைக் கணினியில் திறந்துவிட்டால் பின்வாங்க முடியாது: சான்றிதழ் கிடைக்கும், அல்லது மறுக்கப்படும், அல்லது மேலிடத்துக்குப் போகும். முதலில் காகிதம் சேருங்கள். வழக்கு நடந்த நீதிமன்ற எழுத்தரிடம் குற்றச்சாட்டு, தீர்ப்பு, தண்டனை முடிந்ததற்கான ஆவணம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். பழைய கோப்புகளை அழித்துவிட்டோம் என்றால், அதையே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதமும் ஓர் ஆவணம்தான். வண்டி ஓட்டிய வழக்கென்றால் போலீஸ் அறிக்கையும் ஓட்டுநர் பதிவும் வேண்டும்.

கூடவே, எஃப்.ஏ.ஏ.விடம் இருக்கும் உங்கள் பழைய மருத்துவக் கோப்பின் நகலையும் கேட்டுப் பெறுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. தண்டனைக்குப் பிறகு ஏதாவது ஒரு விண்ணப்பத்தில் தண்டனை பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று குறித்திருந்தால் அங்கேயே நின்று, விமானத்துறைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். பொய்த் தகவல் தந்தால் மெடிக்கலோடு விமானி உரிமங்களையும் சேர்த்துப் பறிக்க விதி இருக்கிறது. தனியாகக் கிரிமினல் வழக்கும் வரலாம். வடக்கு கலிபோர்னியாவில் 2005-இல் நாற்பதுக்கும் மேற்பட்ட விமானிகள் மீது வழக்கு பாய்ந்தது, சமூகப் பாதுகாப்புத் துறையிடம் உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகை பெறுவோரின் பட்டியலை எஃப்.ஏ.ஏ. பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான்.

விண்ணப்பத்தில் 18-ஆம் கேள்வி "வாழ்நாளில் எப்போதாவது" என்று கேட்கிறது. முப்பது ஆண்டு ஆனாலும் கணக்கில் உண்டு. குடித்து வண்டி ஓட்டிக் கைதானது, லைசென்ஸ் முடக்கப்பட்டது போன்றவை 'வி' பிரிவு. தண்டனை கிடைக்காமல் கைதோடு நின்றிருந்தாலும் சொல்ல வேண்டும். திருட்டு, அடிதடி, மோசடி போன்ற மற்றத் தண்டனைகள் 'டபிள்யூ' பிரிவு. விளக்கக் கட்டத்தில் கதை வேண்டாம். இப்படிப் போதும்: "1999, மாவட்ட நீதிமன்றம், கடைத்திருட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அபராதம், ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2000-இல் முடிந்தது, மது, போதை சம்பந்தம் இல்லை, பிறகு வழக்கு எதுவும் இல்லை." கடைசி இரண்டு விஷயங்களைத்தான் மருத்துவர் தேடுவார், உண்மையாக இருந்தால் விடாமல் எழுதுங்கள். அவருக்கு வேண்டியது உங்கள் ஒழுக்கச் சான்றிதழ் அல்ல. அந்தக் குற்றத்துக்குப் பின்னால் குடியோ போதையோ மனநலக் கோளாறோ இருக்கிறதா என்பதுதான்.

அடுத்து, விமானிகளைப் பரிசோதிக்கும் அந்த மருத்துவரிடம் பரிசோதனைக்கு அல்ல, ஆலோசனைக்கு என்று தெளிவாகச் சொல்லி நேரம் வாங்குங்கள். மது வழக்கென்றால், விமானிகளின் மது, போதைப் பழக்கத்தைக் கையாளும் ஹிம்ஸ் திட்டத்தில் பயிற்சி பெற்றவரையே தேடுங்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.15 சதவீதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால், அல்லது சோதனைக்கே மறுத்திருந்தால், அவர் பெரும்பாலும் தானாகச் சான்றிதழ் தராமல் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. மருத்துவப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார். அங்கிருந்து ஆவணம் கேட்டுக் கடிதம் வரும். கேட்டதை எல்லாம் ஒரே உறையில், சொன்ன கெடுவுக்குள் அனுப்புங்கள். தவணை முறையில் அனுப்பினால் கோப்பு ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போகும்.

தேறவே தேறாது என்று நினைப்பவர்களுக்கு லைல் பிரவுஸைக் காட்டுவேன். 1990-இல் குடிபோதையில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 727 பயணிகள் விமானத்தை ஓட்டிச் சிறைக்குப் போனவர். எல்லா உரிமங்களையும் இழந்தவர். குடியை விட்டு, அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்று, அதே நிறுவனத்தில் 747 கேப்டனாக ஓய்வுபெற்றார். ஒரு கடைத்திருட்டுக்காக ஆசையை மூட்டை கட்டுவானேன்?

மருத்துவர் மறுத்தால் 30 நாளுக்குள் எஃப்.ஏ.ஏ.வின் தலைமை மருத்துவரான ஃபெடரல் ஏர் சர்ஜனிடம் மறுபரிசீலனை கேட்கலாம். அவரும் மறுத்தால் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி.யிடம் முறையிட 60 நாள். சொந்த மகிழ்ச்சிக்கு மட்டும் பறப்பவர் இவ்வளவு தூரம் போகும் முன், எஃப்.ஏ.ஏ. மெடிக்கல் இல்லாமலே பறக்க வழிசெய்யும் பேசிக்மெட்டை யோசிக்கலாம். அதற்கு, 2006 ஜூலை 14-க்குப் பிறகு செல்லுபடியான ஒரு மெடிக்கல் இருந்திருக்க வேண்டும். கடைசி விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்கக் கூடாது. அவசரப்பட்டு விண்ணப்பித்து மறுப்பு வாங்கினால் இந்தக் கதவும் மூடிக்கொள்ளும்.

சான்றிதழ் கையில் வந்த பிறகும் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த மெடிக்கலிலும் அதே கேள்விக்கு "ஆம்" என்றே குறிக்க வேண்டும். விளக்கத்தில் "முன்பே தெரிவித்தது, மாற்றமில்லை" என்று எழுதினால் போதும்.