ஏழு பேரும் பாடிப் போக முடியாது

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. ஊர் கபடி அணியில் இருக்கும் 12 பேரின் பெயரையும் எடையையும் எழுதி, பக்கத்தில் 'நல்லா ஆடுவான்', 'சுமார்' என்று குறித்து அனுப்பியிருக்கிறாய். இதில் எந்த ஏழு பேரை இறக்குவது என்று கேட்கிறாய். எங்கே நின்றால் நன்றாக ஆடுவான் என்று எழுதாமல் விட்டுவிட்டாயே, எப்படிச் சொல்வது?

'நல்லா ஆடுவான்' என்று நீ குறித்த ஆறு பேரில் ஐந்து பேர் ரெய்டர்கள் என்பது மட்டும் எனக்கே தெரியும். இது எல்லா ஊரிலும் உள்ள வியாதி. பாடிப் போகிறவன் பெயரைத்தான் மைக்கில் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் கால் வேகம் உள்ள எவனும் ரெய்டுக்குப் போய்விடுகிறான். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவன்தான் போகலாம், அதுவும் 30 நொடி. அடுத்த 30 நொடி எதிரணிக்காரன் வருவான். அப்போது உன் ஐந்து ரெய்டர்களும் என்ன செய்வார்கள்?

முதலில் மூலையில் நிற்கும் கார்னருக்கு ஆள் தேடு. ஆறேழு பேர் களத்தில் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்ட வருகிறவன் ஒரு காலை நீட்டியாக வேண்டும். அந்தக் காலுக்காகக் குனிந்து காத்திருப்பதுதான் கார்னரின் வேலை. அவசரக்காரன் முன்னாலேயே பாய்ந்து பாயிண்டைக் கொடுத்துவிடுவான். பயிற்சியில் நாலைந்து ரெய்டைச் சும்மா விட்டுவிட்டு அடுத்ததில் கணுக்காலைப் பிடிக்கிற பையன் ஒருவன் இருப்பான்; நீ அவனைச் 'சுமார்' என்று எழுதியிருப்பாய். அவனை இடது, வலது இரண்டு மூலையிலும் நிறுத்திப் பார். ஒரு பக்கம் கை தானாகப் போகும், மறுபக்கம் தடுமாறும். எந்த மூலை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கார்னருக்கு உள்பக்கமாக நிற்கும் கவருக்குத் தோளும் எடையும் வேண்டும். கார்னர் காலைப் பிடித்த நொடியில் வந்து மோதி நிறுத்த வேண்டும். தானே தொடங்கப் பார்க்கிற கவர் பெரும்பாலும் அணிக்கு நஷ்டம்.

ரெய்டர்களையும் ஒரே தட்டில் வைக்காதே. கால் நீளமானவன் போனஸ் எடுப்பான், சரி. ஆனால் போனஸ் பாயிண்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஆள் உள்ளே வர மாட்டான். தொட்டோ பிடித்தோ எடுக்கும் பாயிண்டுக்குத்தான் வருவான். உன் முதல் ரெய்டர் அவுட்டாகி உட்கார்ந்திருக்கும்போது வெறும் போனஸ்காரனை வைத்துக்கொண்டு அவனை எழுப்ப முடியாது. கையால் ஒருவனையாவது தொட்டுவிட்டு வரத் தெரிந்தவன் இரண்டாவது ரெய்டராக வேண்டும். இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் பாயிண்ட் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவுட். அந்த மூன்றாவது ரெய்டுக்கு எப்போதும் உன் நட்சத்திரத்தையே அனுப்பினால், எதிரணி அவனுக்காகவே காத்திருக்கும். பதறாத ஒருவனை அதற்கென்று தயார் செய்து வை.

கேப்டன் பற்றியும் கேட்டிருந்தாய். முதல் ரெய்டருக்கே பட்டம் கட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டத்தில் அடிக்கடி வெளியே உட்காரப் போகிறவன் அவன்தான். 2016-இல் நடந்த நான்காவது புரோ கபடி சீசனில் பட்டம் வென்ற பாட்னா பைரேட்ஸைப் பார். பாடிப் போக பர்தீப் நர்வால் இருந்தார், இடது மூலையில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. கேப்டனோ, பிடிப்பதில் பெயர் பெற்ற நம் தமிழ்நாட்டு தர்மராஜ் சேரலாதன்.

கடைசியாக உன் மச்சான். 82 கிலோ, ஓட்டம் மந்தம், ஆனால் ரெய்டுக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் என்கிறாய். ரைட் கவரில் நிறுத்து. சீனியர் போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் 85 கிலோவைத் தாண்ட விடாதே. கோபித்துக்கொள்வார்தான், அக்காவை விட்டுச் சொல்லச் சொல்.

அன்புடன்,
அண்ணன்