மிருதங்கம் வாசிக்கும் தங்கைக்கு



உன் கடிதம் கிடைத்தது. தோளில் மிருதங்கப் பையோடு போய் நின்ற உன்னை சபாக் காரியதரிசி, "தம்புராவுக்கு வந்திருக்கியாம்மா?" என்று கேட்டாராம். அவர் கெட்ட மனுஷராக இருக்க வேண்டியதில்லை. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் பாடகருக்குப் பின்னால் உட்காரும் சின்னப் பெண் என்றால் தம்புராதான் என்று பார்த்துப் பழகிய கண். பைக்கு முன்னால் புடவை கண்ணில் பட்டுவிடுகிறது.

நம் தொழிலில் நேர்முகத் தேர்வு கிடையாது. பாடகரோ காரியதரிசியோ போனை எடுத்து 'செட்' சேர்க்கிறார்கள். அந்த நேரத்தில் மனசில் யார் முகம் வருகிறதோ அவருக்குத்தான் கச்சேரி. மிருதங்கம் என்றதும் வருவது ஜிப்பா போட்ட ஆம்பிளை முகம். பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பாடகிகளுக்கு வாசிக்காமலே இருந்தவர், டி.கே. பட்டம்மாளுக்காகத்தான் அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டார். அவருக்குக் காது இல்லாமலா? கடம் சுகன்யா ராம்கோபாலுக்கும் ஆரம்பம் இப்படித்தான். பெண் விரலுக்குக் கடம் ஒத்துவருமா என்று விக்கு விநாயக்ராம் தயங்கினார்; அவருடைய அப்பா ஹரிஹர சர்மா, நான் சொல்லித்தருகிறேன் என்று உட்கார்ந்தார். வாசித்துக் காட்டுவதற்கு முன்பே வந்த தயக்கம் அது.

அதனால் முதல் வேலையாக ரேடியோ ஆடிஷனுக்கு விண்ணப்பம் போடு. காமராஜர் சாலை வானொலி நிலையத்தில் உன்னை எடைபோடுகிறவர்களுக்கு உன் முகம் தெரியாது. நீ ஒரு எண், ஒரு ஒலி, அவ்வளவுதான். 'பி', 'பி ஹை', 'ஏ', 'டாப்' என்று எது வந்தாலும் அது காது போட்ட மார்க். அமெரிக்காவில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் எழுபது, எண்பதுகளில் ஆள் எடுக்கும்போது நடுவில் திரை கட்டினார்கள். செருப்புச் சத்தத்தில் பெண் என்று தெரிந்துவிடக் கூடாதென்று மேடையில் கம்பளம் விரித்த இடமும் உண்டு. இதை வைத்து கிளாடியா கோல்டினும் சிசிலியா ரௌஸும் 2000இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை பிரசித்தம். அதன் கணக்கு அத்தனை உறுதியில்லை என்று பின்னால் ஆட்சேபமும் வந்தது. கணக்கு கிடக்கட்டும், கம்பளம் விரிக்கத் தோன்றிற்றே, அது பெரிய விஷயம். இங்கே வளையல் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயப்படக்கூட வழியில்லை. மிருதங்கக்காரி எங்கே வளையல் போடுகிறாள்?

ஆனால் கிரேடு வந்துவிட்டால் போன் அடிக்கும் என்று நினைக்காதே. சபாவில் திரை கிடையாது. கச்சேரி பார்க்கிற சமாசாரமும்தானே.

இங்கேதான் நம் பெண்கள் பலரும் வழுக்குகிறார்கள். ஆம்பிளைக் கைக்குக் குறைச்சலில்லை என்று காட்டவே, முதல் வர்ணத்திலிருந்தே அடித்து நொறுக்குகிறார்கள். "ஆம்பிளை மாதிரி வாசிக்கிறாளே!" என்று பாராட்டும் கிடைக்கிறது. அந்தப் பாராட்டை நம்பாதே. அடுத்த முறை கை ஓய்ந்திருந்தால் அதே வாய் "என்ன இருந்தாலும் பொம்பளைக் கை" என்று சொல்லும். பாடுகிறவர் விளம்ப காலத்தில் ஒரு சங்கதியை முடிக்காமல் தொங்கவிடுகிறார் என்று வை. அங்கே கையை எடுத்துவிடு. எடுப்புக்கு முன்னால் தொப்பியில் ஒரே ஒரு கும்கி கொடு, போதும். அவர் தலையைத் திருப்பி உன்னைப் பார்ப்பார். நாளைக்கு செட் சேர்க்க போனை எடுக்கப்போவது அவர். மூணாவது வரிசையில் கை தட்டியவர் இல்லை.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். பாடகிகளே பலர் 'மேடைக்கு ஒரு வெயிட் வேணும்' என்று ஆண் மிருதங்கத்தைத்தான் கேட்கிறார்கள். அதற்கு மாறாக எம்.எல். வசந்தகுமாரி, ஏ. கன்யாகுமரியைப் பல வருஷம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். 2016இல் சங்கீத கலாநிதி வாங்கிய முதல் பெண் வயலின் கலைஞர் அதே கன்யாகுமரிதான். எம்.எல்.வி. அன்றைக்கு வேறு ஆளைக் கேட்டிருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ. தாள வாத்தியத்தில் இன்னும் ஒரு பெண்ணுக்கும் அந்த விருது போகவில்லை. நாளைக்கு நீயே தனிக் கச்சேரிக்கோ லய விருந்துக்கோ செட் சேர்ப்பாய். கஞ்சிராவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்கும்போது உன் மனசிலும் ஜிப்பாதான் முதலில் வரும். அப்போது போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேள்.

நவராத்திரிக்கும் மகளிர் தினத்துக்கும் 'லேடீஸ் செட்' என்று கூப்பிடுவார்கள். போ, சம்பாவனையை வாங்கிக்கொள். டிசம்பர் சீசனுக்கு ஏன் கூப்பிடவில்லை என்று அதே காரியதரிசியிடம் கேட்டுவிட்டும் வா.

நீ கடைசியாகக் கேட்டது வெளியூர்க் கச்சேரி பற்றி. "உனக்குத் தனி ரூம் போடணுமே, பட்ஜெட் இடிக்குதும்மா" என்பார்கள். "நானே பார்த்துக்கறேன் மாமா" என்று சொல்லிவிடாதே. ஒரு தடவை சொன்னால் அது உன் சம்பாவனையில் நிரந்தரக் கழிவாகிவிடும். ரூம் போடுவது ஏற்பாடு செய்கிறவர் வேலை. வயலின்காரருக்கு மிளகாய் ஆகாது என்றால் தனிச் சமையல் சொல்லத் தெரிகிறவர்களுக்கு இதுவும் தெரியும்.

அன்புடன்,
உன் அக்கா